மணிக்கட்டில் ஒரு ழகரம்

வாய் நிறையப் பற்பசை நுரை. வலது கையில் பிரஷ், இடது கையில் துண்டு. அடுப்படியிலிருந்து மனைவி, "வெந்நீர் போதுமா, இன்னும் வைக்கவா?" என்று கேட்கிறார். கொடிக்காரர் கண்ணாடியை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. துண்டு பக்கவாட்டில் நீள்கிறது. பிரஷ் தலைக்கு மேல் போகிறது, இறங்கி முழங்காலைத் தட்டுகிறது, மறுபடி எழுகிறது. கண்ணாடியெங்கும் வெள்ளைத் துளிகள். அடுப்படி வாசலில் நின்று பார்க்கும் மனைவி கடைசி எழுத்துவரை பொறுமையாக இருந்து படித்து முடிக்கிறார்: 'போதும். நேற்றுக் கொஞ்சம் மிஞ்சிவிட்டது. வீணாக்க வேண்டாம்.' நுரைக்கு நடுவிலும் 'நேற்றுக்' என்பதில் உள்ள 'க்' விட்டுப்போகவில்லை.

"வாயில நுரை இருந்தாத்தான் இந்த மனுஷன் நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேசுவார்," என்கிறார் மனைவி. "துப்பிட்டு வந்துட்டார்னா வெறும் 'ம்'தான்."

அவர் கொப்பளித்துவிட்டு வந்து, "ம்," என்கிறார்.

கொடிக்காரர் ஊமையும் இல்லை, உம்மணாமூஞ்சியும் இல்லை. வாயால் பேசுவதை அவர் ஒரு வேலையாக மதிப்பதில்லை, அவ்வளவுதான். நாக்கு தானாகப் புரள்கிறது. அதில் என்ன உழைப்பு இருக்கிறது? எழுத்துக்கு எழுத்து தோள் நோக வேண்டும், முழங்கை நோக வேண்டும், மணிக்கட்டு நோக வேண்டும். அப்படி வருவதுதான் அவர் கணக்கில் பேச்சு. மற்றதெல்லாம் மூச்சு.

அவர் வேலை பார்ப்பது ஒரு கல்குவாரியில். பாறையைக் குடைந்து குடைந்து உண்டான பெரும்பள்ளம். அதன் ஒரு விளிம்பில் இரும்புத் தகடு அடித்த மேடை, அதன் மேல் அவர். எதிர் விளிம்பில் அதே மாதிரி இன்னொரு மேடை. கீழே துளைபோடும் இயந்திரம், டிப்பர் லாரிகள், கல்லை ஜல்லியாக்கும் க்ரஷர், வெடி வைக்கிறவர். வெடிக்குழிகளில் மின்கம்பி சொருகியிருக்கும் இடத்தில் கைபேசியும் ஆகாது, வாக்கிடாக்கியும் ஆகாது. காற்றில் வரும் ஒரு சின்ன அலை போதும், கல்லோடு ஆளும் மேலே போக. எனவே வாசலில் ஒரு மரப்பெட்டி. உள்ளே வருகிறவர்கள் எல்லாரும் போனை அதில் தூங்கப்போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். க்ரஷர் போடும் இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. மிச்சம் இருப்பது கொடி.

கப்பலில் இருந்துவிட்டுக் கரைக்கு வந்த ஒரு பழைய மேலாளர், கப்பல்காரர்களின் கொடிமொழியைத் தமிழுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். எழுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு கைகளின் ஒரு நிலை. நெடில் வேண்டுமென்றால் இடது கையை அப்படியே வைத்துக்கொண்டு வலது கொடியைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு மூச்சு நேரம் நிறுத்த வேண்டும். புள்ளிக்கு முழங்காலில் ஒரு தட்டு. காட்டியது தவறாகிவிட்டால் அதற்கும் ஒரு குறி உண்டு: இரண்டு கொடிகளையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்துக் கால்வரை இறக்கி, மறுபடி தூக்கி, மறுபடி இறக்க வேண்டும். அதற்குப் பெயர் பிழைக்குறி. கொடிக்காரர் அதைக் கற்றுக்கொண்டதோடு சரி, ஒருநாளும் காட்டியதில்லை. அதில் அவருக்குள்ள பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

பார்க்கப்போனால் குவாரியின் முக்கால்வாசி நாள் மூன்றே சொற்களில் ஓடிவிடும். 'நில்' என்றால் லாரி நிற்கும். 'வரலாம்' என்றால் பள்ளத்துக்குள் இறங்கும். 'ஒலி' என்றால் எதிர் மேடைக்காரர் சைரனை அழுத்துவார், எல்லாரும் பதுங்கிக்கொள்வார்கள், அப்புறம் வெடி. இந்த மூன்று சொற்களுக்கு இத்தனை இலக்கணம் வேண்டுமா என்று கேட்பவர்களை அவர் பரிதாபமாகப் பார்ப்பார்.

அந்தக் கப்பல்காரருக்கு எழுத்தில் சிக்கனம் அதிகம். ல, ள, ழ மூன்றுக்கும் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டினால் போதும் என்று ஒரே நிலையை வைத்திருந்தார். இதைக் கண்டு நம்மவருக்குப் பல நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் தாமே தீர்த்துவைத்தார். கை நேராக நீண்டால் ல. மணிக்கட்டு கீழே மடங்கினால் ள. பின்பக்கமாகச் சுருண்டால் ழ. அந்த எழுத்துக்கு நாக்கு எப்படி மடிகிறதோ அப்படி. யாரும் கேட்கவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை. ஒருநாள் காலையிலிருந்து குவாரியில் ழகரம் இருந்தது.

டிப்பர் ஓட்டுநர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'பெரும்புள்ளி'. எந்த மெய்யெழுத்தையும் புள்ளி வைக்காமல் விடமாட்டார் என்பதால் வந்தது. வாடகை வீடும் தேய்ந்த செருப்பும் உள்ள பெரும்புள்ளி.

எழுத்துப்பிழை உள்ள பலகை தொங்கும் கடைக்குள் அவர் கால் வைப்பதில்லை. தெருமுனையிலேயே நல்ல சலவைக்காரர் இருக்கிறார். ஆனால் பலகையில் 'சலவை கடை' என்று இருக்கிறது, 'க்' இல்லை. ஆகவே துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு பெரிய சாலையைத் தாண்டிப் போய், ஒற்று இருக்கிற கடையில் கொடுத்துவிட்டு வருவார். அங்கே சட்டைப் பொத்தானைத் தொலைத்துவிடுவார்கள். "போர்டுல 'க்' இருக்கு, சட்டையில பொத்தான் இல்ல," என்பார் மனைவி. கொடிகளைத் தைத்துத் தருவதும் மனைவிதான். ஓரம் துளி கோணினாலும் பிரிக்கச் சொல்வார். கோணல் கொடியில் லகரம் ளகரமாகத் தெரியுமாம்.

பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். யோசனையில் ஆழ்ந்தால் அவர் முழங்கை தானாக எழுத்துக்கூட்டும் என்பது அந்தத் தடத்தில் போகிறவர்களுக்குத் தெரியும். இரவில் அந்தப் பக்கத்து இடம் மனைவிக்கு. "தூக்கத்துல யாருக்கோ என்னமோ சொல்றார். பாதி எழுத்து என் மூக்குல விழுது."

எதிர் மேடையில் நிற்பவன் அந்த மனைவியின் தம்பி. சிபாரிசு செய்து சேர்த்துவிட்டவர் இவரே. அதைப்போல ஒரு தவறு தம் வாழ்நாளில் செய்ததில்லை என்று சொல்வார். மனைவி ஊரில் இல்லாதபோது சொல்வார்.

மச்சினன் பருத்த உடம்புக்காரன், சிரித்த முகம். கொடி காட்டினால் காக்கா விரட்டுவதுபோல இருக்கும். நெடிலுக்குக் கையை நிறுத்தப் பொறுமை கிடையாது. மூன்று லகரங்களுக்கும் பழைய நிலைதான்; அத்தானின் புதுக் கண்டுபிடிப்பு அவனுக்குப் புரியும், ஆனால் கை வளையாது. 'வாளி அனுப்பு' என்று அவன் கேட்டால் இந்தக் கரைக்கு வந்து சேர்வது 'வலி அனுப்பு'. இவர் வாளியையும் அனுப்பிவைப்பார், அதற்கு முன்னால் 'நெடில் எங்கே?' என்று ஒரு கேள்வியையும் அனுப்பிவைப்பார். தேநீர் நேரத்தில் கீழே சந்தித்துக்கொள்ளும்போது மச்சினன் கேட்பான்:

"அத்தான், வாளி வந்துடுச்சுல்ல? வந்தப்புறம் நெடில் எதுக்கு?"

"ம்," என்பார் இவர். பதில் மேடை ஏறியதும் கொடியில் வரும், முழ நீளத்துக்கு.

வேலை ஓய்ந்த நேரங்களில் அவன் பள்ளத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஜோக் அனுப்புவான். ஒரு ஜோக் வந்து சேர்வதற்குள் ஒரு லாரி லோடு ஏறிவிடும். இவர் முதலில் பிழைகளைத் திருத்துவார். பிறகுதான் சிரிப்பு. கொடிமொழியில் சிரிப்புக்குக் குறி இல்லை. அதனால் 'சிரித்தேன்' என்று எழுத்தெழுத்தாகக் காட்டுவார், 'த்' உட்பட. இப்படி இரண்டு பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள், ஒரு குளவி வந்து உட்காரும்வரை.

அன்று வெடி நாள். மச்சினன் எதிர் மேடையிலிருந்து கேட்டான்: 'சீக்கிரம் போகட்டுமா? வீட்டில் விருந்தாளி.' (அவன் காட்டியது 'சிக்கிரம் பொகட்டும', அது வேறு விஷயம்.) அதே சமயம் கீழே வெடிக்காரர் எல்லாம் தயார் என்று கையைத் தூக்கிவிட்டார். வெடி முந்தி, விருந்தாளி பிந்தி. கொடிக்காரர் 'ஒலி' காட்டத் தொடங்கினார். 'ஒ' ஆயிற்று. லகரத்துக்கு இடது கை நேராக நீண்டது. நீண்ட கையின் மணிக்கட்டில் குளவி இறங்கியது. மணிக்கட்டு தன் பாட்டுக்குச் சுருண்டது.

ஒழி.

சீக்கிரம் போகட்டுமா என்று கேட்டவனுக்குக் குவாரி முழுக்கப் பார்க்க இந்தப் பதில். கீழே ஓட்டுநர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "லீவு கேட்டா பெரும்புள்ளி குடுத்த பதிலைப் பாத்தீங்களா!" என்று ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். மச்சினன் கொடிகளைக் கீழே வைத்தான். ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டான். சைரன் ஒலிக்கவில்லை. வெடிக்காரர் கம்பிச் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த விளிம்பையும் அந்த விளிம்பையும் மாறி மாறிப் பார்த்தார். இப்போதைய மேலாளர் மூச்சிரைக்க மேடை ஏறி வந்தார்.

"என்னய்யா காட்டினீங்க?"

"ஒலி."

"அப்புறம் அவன் ஏன் உக்காந்திருக்கான்?"

'குளவி' என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். அல்லது, வாய் வராவிட்டால், பிழைக்குறி. இரண்டு கையையும் குறுக்காகத் தூக்கி இறக்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் ழகரத்தைக் கண்டுபிடித்தவரே லகரத்தில் தடுக்கி விழுந்தார் என்று ஆகிவிட்டால், நாளைக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு 'நெடில் எங்கே?' என்று கேட்பது? கொடிக்காரர் வாயைத் திறந்தார். வாய்ச்சொல்லை மதிக்காதவர் வாயிலிருந்து நாள் முழுவதற்கும் சேர்த்து ஒரு வாக்கியம் வந்தது.

"அவனுக்குப் படிக்கத் தெரியல."

சொல் கீழே இறங்கி, ஒரு டிப்பரில் ஏறி, எதிர் மேடையில் போய் இறங்கியது. அன்று மாலை மச்சினன் அக்கா வீட்டு வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

"அக்கா, வேற யாராவது காட்டியிருந்தா கை தவறிடுச்சுன்னு விட்டுடுவேன். உன் வீட்டுக்காரருக்குக் கை தவறுமா? சொல்லு. தூக்கத்துலகூட ஒற்று விடாத மனுஷன். அவர் ழ போட்டா அது ழதான். அதுவும் அவரே செஞ்ச ழ! அதைக் கொண்டாந்து என் தலையிலயே போட்டுட்டு, எனக்குப் படிக்கத் தெரியலையாம். தெரியலைன்னா எனக்கு எப்படிக் கோவம் வரும்? இனிமே அவருக்கும் எனக்கும் பேச்சு கிடையாது."

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த கொடிக்காரருக்கு அந்தத் தர்க்கத்தில் ஓர் ஓட்டையும் தெரியவில்லை. அதுதான் அவரை மிகவும் வாட்டியது. இத்தனை நாள் பாடுபட்டுச் சேர்த்த நல்ல பெயர் அவருக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது.

மேலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். 'ஒலி'யால்தானே தகராறு? இனி 'சங்கு' என்று காட்டினால் போகிறது. அடுத்த வெடி நாளில் கொடிக்காரர் சொன்னபடியே, ஒற்றும் உயிரும் பிசகாமல், 'சங்கு ஊது' என்று எதிர்க்கரைக்குக் காட்டினார். மச்சினன் கொடியை வீசி எறிந்துவிட்டு நேரே அலுவலகத்துக்கு நடந்தான்.

"சார், முதல்ல ஒழின்னார். இப்ப சங்கு ஊதறார். அடுத்தது என்ன, மாலையும் கையுமா வரப்போறாரா?"

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். எழுத்தே வேண்டாம் என்று உத்தரவானது. சிவப்பு என்றால் நில். பச்சை என்றால் வரலாம். மஞ்சள் என்றால் சைரன். இரண்டு மேடைகளிலும் மூன்று நிறக் கொடிகள் வந்து சேர்ந்தன. எழுத்துக் கொடிகள் ஓரமாகச் சாய்த்துவைக்கப்பட்டன.

அன்றிலிருந்து எதிர்க்கரையிலிருந்து ஓர் எழுத்தும் வருவதில்லை. வாளி கேட்பதில்லை. ஜோக் இல்லை. பச்சை, சிவப்பு, மஞ்சள். பச்சைக் கொடிக்கு எழுத்துப்பிழை கிடையாது. கொடிக்காரர் திருத்துவதற்கு ஒன்றுமே இல்லாமல் மேடையில் நின்றார். ஒருநாள் ஆற்றமாட்டாமல், தாமாகவே, 'வாளி வேண்டுமா?' என்று காட்டிப்பார்த்தார். மச்சினன் முதுகைத் திருப்பிக்கொண்டான். இருவரும் ஒரே பேருந்தில் போய் வருகிறார்கள். இவர் முன்வாசலில் ஏறினால் அவன் பின்வாசல். அடுத்தடுத்த தெருவில் வீடு.

இந்த நிலைமையில்தான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

அழைப்பிதழ் அச்சடித்தவரின் கதை தனி. "சார், நீங்க திருத்தி முடிக்கிறதுக்குள்ள உங்க பேரனுக்கே பத்திரிகை அடிச்சிடலாம்," என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒருவழியாக ஒரு பிழையும் இல்லாத அழைப்பிதழ் வந்தது. எல்லாருக்கும் கொடுத்தாயிற்று, ஒரு வீட்டைத் தவிர.

மனைவி தீர்ப்பைச் சொல்லிவிட்டார். "என் தம்பி வரலைன்னா நானும் வரல."

"நீ பொண்ணோட அம்மா," என்றார் இவர். கஷ்டப்பட்டு மூன்று சொல்.

"பொண்ணுக்கு அது தெரியும். போட்டோவுல என் இடம் காலியா இருக்கட்டும். கீழ 'அச்சுப்பிழை'ன்னு போட்டுக்குங்க."

மகள் சண்டை போடவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "அப்பா, ஒரு எழுத்துக்காக ஒரு முழு மாமாவை விட்டுட்டீங்களே. எனக்குச் சைக்கிள் கத்துக்குடுத்தது மாமா. பின்னாடியே பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தார். நீங்க ஓரமா நின்னு 'நேராப் போ'ன்னு கொடி காட்டினீங்க. நான் அதைப் படிக்கிறேன்னு போய்த்தான் சாக்கடையில விழுந்தேன்."

"ம்."

"மாமா வராட்டிக் கல்யாணம் நிக்காது. நான் அழுதுக்கிட்டே நிப்பேன். 'அழுகை'க்கு எந்த 'ல'ன்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

அதற்குமேல் கொடிக்காரரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அழைப்பிதழை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனார். கதவைத் திறந்தது மச்சினன் மனைவி. "வாங்கண்ணே, என்ன இப்படித் திடீர்னு?" உள்ளே டிவியின் சத்தம் சட்டென்று உயர்ந்தது. கொடிக்காரர் நிலைப்படியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். வாய்க்குள் வாக்கியம் தயாராக இருந்தது, ஒற்று எல்லாம் போட்டு. நாக்கு வரவில்லை. "இந்தப் பக்கமா வந்தேன்," என்றார். அழைப்பிதழோடு திரும்பி வந்தார். வழியில் ஒரு முழங்கை தானாக அசைந்துகொண்டிருந்தது. எதிரே வந்த ஒருவர் வழி கேட்கிறாராக்கும் என்று நினைத்து நின்று, பிறகு போனார்.

அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டிருக்க வேண்டும். கொடியில் கெட்டதை வாயால் எப்படிச் சரிசெய்வது? அதுவும் குவாரி முழுக்கப் பார்த்ததை ஒரு வீட்டு வாசலில் நின்றா திருத்துவது?

கல்யாண விடுப்புக்கு முந்தைய வேலை நாள். நண்பகல். கீழே வெடிக்காரர் குழிகளுக்கு மருந்தை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். டிப்பர்கள் வரிசையில் நின்றன. மச்சினன் எதிர் மேடையில் மஞ்சள் கொடியைக் கக்கத்தில் இடுக்கியபடி, எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். கொடிக்காரர் ஓரமாகச் சாய்த்துவைத்திருந்த எழுத்துக் கொடிகளை எடுத்து உதறினார். மேடை நடுவில் வந்து நின்றார். இரண்டையும் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்தார். கால்வரை இறக்கினார். மறுபடி தூக்கினார்.

இந்தக் கரையிலிருந்து பிழைக்குறி வந்து யாரும் பார்த்ததில்லை; எனவே என்னவென்று ஒருவருக்கும் புரியவில்லை. பாறை சரிகிறது என்றே எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். வெடிக்காரர் கையிலிருந்ததைப் பதமாகக் கீழே வைத்துவிட்டு, பதமாக இல்லாமல் பதுங்குகுழிக்கு ஓடினார். ஓட்டுநர்கள் குதித்து லாரிகளுக்கு அடியில் புகுந்தார்கள். க்ரஷரை யாரோ நிறுத்தினார்கள். மேலாளர் சாப்பிட்ட கையோடு வெளியே வந்தார். பகல் நேரத்தில் அந்தக் குவாரி அப்படி நிசப்தமாக இருந்ததே இல்லை.

அந்த நிசப்தத்தில் கொடிக்காரர் எழுதத் தொடங்கினார். லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டிய மூத்த ஓட்டுநர் ஒருவர் மற்றவர்களுக்காக எழுத்துக்கூட்டி வாசித்தார்.

'அன்று காட்ட நினைத்தது ஒலி. காட்டியது ஒழி. கையில் குளவி உட்கார்ந்தது.'

"குளவியாமா? என்னமோ மலையே இடியுதுன்னு படுத்தேன்!"

"சும்மா இரு, இன்னும் வருது. பாரு, குளவிக்கு 'ள' போட்டிருக்கார். உசுரு போற நேரத்துலயும் புள்ளி விடமாட்டார் போல."

'பிழை என்னுடையது.' இதில் ழகரத்துக்கு மணிக்கட்டு சுருண்டு நின்றது, எல்லாரும் நன்றாகப் பார்க்கும்படி. பிறகு கொடிகள் கொஞ்சம் தயங்கின. 'உனக்குப் படிக்கத் தெரியும்.'

மூத்த ஓட்டுநர் இதை வாசித்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

'கல்யாணத்துக்கு வா.'

"கல்யாண விஷயத்தை வீட்ல பேசிக்கக் கூடாதாய்யா?" என்று மேலாளர் கையை ஆட்டிக் கத்தினார். க்ரஷர் ஓடாததால் அது எல்லாருக்கும் கேட்டது. யாரும் பொருட்படுத்தவில்லை. எல்லாத் தலைகளும் எதிர் விளிம்பைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

மச்சினன் மஞ்சள் கொடியைக் கீழே வைத்தான். மேடைக்கு அடியில் குனிந்து எதையோ தேடினான். எழுத்துக் கொடிகள். தொடையில் தட்டித் தூசி போக்கினான். வருகிறேன் என்றால் இறங்கிப்போனதாக ஆகிவிடும். வரமாட்டேன் என்றால் அக்காவின் முகத்தில் விழிக்க முடியாது. அவன் கைகள் எழுந்தன.

'வ.'

'ர.'

இடது கை பக்கவாட்டில் நீண்டது. அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. க்ரஷருக்கு அடியில் குவிந்து கிடந்த கல்தூள் மொத்தமும் கிளம்பி வந்து பள்ளத்தை மூடியது. நீண்ட கைவரை தெரிந்தது, மணிக்கட்டு தெரியவில்லை. பிறகு கையும் தெரியவில்லை, மேடையும் தெரியவில்லை.

'வரல.' மச்சினன் எழுதுகிற லட்சணத்துக்கு அது ஒரு முழு வாக்கியம். 'வரவில்லை' என்றல்லவா இருக்க வேண்டும் என்று கொடிக்காரரின் தோள் ஒரு துடிப்புத் துடித்து அடங்கியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். "அவ்ளோதான், வரலையாம்," என்றது லாரிக்கு அடியில் ஒரு குரல். இன்னொன்று, "முழுசாப் பாக்கட்டும், இருப்பா," என்றது.

தூசி மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. முதலில் தெரிந்தது ஒரு கொடி, உயரத்தில், தனியாக. பிறகு அதைப் பிடித்த கை. மச்சினன் நின்ற இடத்திலேயே நின்றான். இடது கை நீட்டியபடி, வலது கொடி தலைக்கு மேல் தூக்கியபடி. ஒரு மூச்சு நேரம் நிறுத்த வேண்டிய நெடிலை, காக்கா விரட்டுகிற அந்த மனிதன், தூசி அடங்கும்வரை இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான். தலைமுடி, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. அத்தான் பார்த்துவிட்டார் என்று உறுதியானதும் 'ம'வைக் காட்டி முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினான். புள்ளி.

கீழே ஓட்டுநர்கள் ஹாரனை அழுத்தினார்கள். கொடிக்காரர் மட்டும் அசையவில்லை. அவர் கண்கள் அந்த இடது மணிக்கட்டில் நின்றிருந்தன. தூசிக்குள் அவ்வளவு நேரம் நீண்டு நின்ற அந்தக் கையில் மணிக்கட்டு நேராக இருக்கவில்லை. பின்பக்கமாகச் சுருண்டிருந்தது, தடித்த விரல்களோடு, வெகு சிரத்தையாக. மச்சினன் வாழ்க்கையில் முதன்முறையாக ழகரம் போட்டிருந்தான், போடக்கூடாத இடத்தில்.

'வரழாம்.'

கொடிக்காரரின் இடது கை, பழக்கத்தில், திருத்தம் சொல்ல விருக்கென்று நீண்டது. பாதி வழியில் நின்றது. அவர் இரண்டு எழுத்துக் கொடிகளையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். குனிந்து பச்சைக் கொடியை எடுத்தார். தலைக்கு மேல் தூக்கி, ஒரு நெடிலுக்கு வேண்டியதைவிட வெகுநேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.